குடந்தைக்கு வந்த புதியவர்

1880-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 16-ஆம் நாள், திங்கட்கிழமை, கும்பகோணம் அரசினர் கல்லூரியில் ஓர் இளைஞர் தமிழாசிரியராகப் பொறுப்பேற்றார். இருபத்தைந்து வயது நிறைவதற்கு அவருக்கு இன்னும் மூன்று நாட்கள் இருந்தன. ஆங்கிலக் கல்வியின் வாசனையே இல்லாமல், ஆசிரியரது வீட்டிலும் சைவ மடத்திலும் பழைய முறையில் தமிழ் கற்றவர். மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய். உத்தமதானபுரம் வேங்கடசுப்பையரின் புதல்வர் சாமிநாதையர் என்பது அவர் பெயர். தமிழ்த் தாத்தா என்று பிற்காலத்தார் அழைக்கும் டாக்டர் உ.வே. சாமிநாதையர் அவரே.

கும்பகோணத்திற்குப் பெரும்புகழோடு வந்தவரல்லர் அவர். வந்த ஊரிலேதான் அவருக்குப் புகழுக்குரிய பணி கிடைத்தது. அப்பணி ஒரு சமண காப்பியத்தைப் பற்றியது. அதனை அவர் செய்து முடிப்பதற்கு, அந்நகரத்தில் சிறு தொகையினராய் வாழ்ந்திருந்த தமிழ்ச் சமணக் குடும்பத்தினர் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தனர். சீவக சிந்தாமணி அச்சேறிய வரலாற்றை அறிந்தவர் பலர் உண்டு. அவ்வரலாறு புதிதாய்க் குடியேறிய ஒருவரை ஒரு நகரம் எவ்வாறு ஏற்றுக்கொண்டது என்னும் வரலாறுமாகும்.

புதியவராய் ஓர் ஊருக்குச் செல்லுதல் ஐயருக்குப் பழக்கமில்லாத ஒன்றன்று. 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் தாய்வழிப் பாட்டனாரின் ஊராகிய சூரியமூலையில் பிறந்த அவர், இளமையில் ஓரூரில் நிலைத்து வாழ்ந்ததில்லை. தந்தையார் இசையும் இராமாயணப் பிரசங்கமும் கொண்டு குடும்பத்தைக் காத்தவர். மகனுக்குத் தமிழில் பேரார்வம் உண்டு என்பதை அறிந்த பின்னர், தமிழ் சொல்லிக்கொடுப்பவர் எவ்வூரில் உளரோ அவ்வூருக்குக் குடும்பத்தோடு பெயர்ந்தார். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று அவ்வாறு அவர்கள் தங்கிய ஊர்கள் பல. செல்லும் ஊர்தோறும் யாரேனும் ஒருவர் இருக்க இடம் தந்தனர். நெல்லும் பருப்பும் தந்தனர். கல்விக்காக வந்த குடும்பம் என்ற ஒன்றே அவர்கள் கொண்டுசென்ற சிபாரிசு. கிராமத்தார் அதனைப் போதும் என்று கொண்டனர்.

பதினேழாம் வயதில் அவர் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணாக்கரானார். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்தில் பிள்ளையவர்களோடு தங்கிப் புராணங்களும் பிரபந்தங்களும் கற்றார். 1876-ஆம் ஆண்டு ஆசிரியர் மறைந்தார். அதன் பின்னரும் ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர் அவரைத் தம் அருகிலேயே வைத்துக்கொண்டு ஆதரித்தார். மடம் அவருக்குத் தாய் வீடாயிற்று. வெளியூர் உத்தியோகம் ஒன்றைப் பற்றிய எண்ணமே அவருக்கு அப்போது இல்லை.

அவ்வெண்ணத்தை உண்டாக்கியவர் வித்துவான் தியாகராச செட்டியார். அவரும் மகாவித்துவானின் மாணாக்கர். கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராய் விளங்கியவர். உடல்நலக் குறைவினால் ஓய்வு பெற விரும்பிய அவர், தம் இடத்திற்குச் சாமிநாதையரே வரவேண்டும் என்று உறுதி கொண்டார். தேசிகருக்கு ஐயரைப் பிரிய மனமில்லை. செட்டியார் விடவில்லை. மடத்திற்கு வந்து மன்றாடி, கல்லூரித் தலைவர் கோபாலராவிடமும் மற்ற ஆசிரியர்களிடமும் முன்னரே பேசி வைத்து, தம் ஆசிரியருடைய இளைய மாணாக்கரைக் கையோடு அழைத்துச் சென்றார். வேலையை விட்டுச் செல்பவர் தமக்குப் பின் வருபவரிடம் பொறாமை கொள்வது உலகியல்பு. செட்டியாரோ புதியவருக்குக் கல்லூரியில் எவர் எத்தகையவர், எப்படிப் பேசவேண்டும், எங்கே அமரவேண்டும் என்பது வரை சொல்லிக்கொடுத்தார்.

அக்காலத்துக் கும்பகோணம் ஏறத்தாழ ஐம்பதாயிரம் மக்கள் வாழ்ந்த ஊர். சென்னையைப் போன்ற பெருநகரமுமன்று. எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிற்றூருமன்று. கும்பேசுவரர் கோயிலும் சார்ங்கபாணி கோயிலும் பழைய சோழநாட்டு மக்களுக்கு உரியனவாக, நாயக்கர் ஆட்சியில் வந்த தெலுங்கரும், மராட்டியர் ஆட்சியில் வந்த மராட்டியரும், தறியோடு வந்த சௌராட்டிரரும் அங்கே தத்தமக்கென்று தெருக்களை அமைத்துக்கொண்டிருந்தனர். சங்கராசாரியர் மடமும் அங்கே இருந்தது. இருப்புப்பாதை வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கல்லூரியின் பெயர் தென்னாடு முழுவதும் பரவியிருந்தமையால், மாணவரும் ஆசிரியரும் நீதிமன்ற அலுவலரும் வெளியூர்களிலிருந்து வந்தவண்ணம் இருந்தனர். யாரேனும் ஒரு காலத்தில் வந்து குடியேறிய தெருக்களால் ஆகிய ஊர் அது என்று கூறலாம். இத்தகைய ஊரில் புதியவரைக் கண்டு எவரும் வியப்பதில்லை. ஆயினும் ஒரு குறை உண்டு. அடுத்த தெருவில் வாழ்பவர் யார், அவர் வீட்டில் என்ன ஓதப்படுகிறது என்பதை அறியாமலே ஒருவர் ஆண்டுக்கணக்கில் அங்கு வாழ்ந்துவிட முடியும்.

கல்லூரி ஐயரை அன்போடு ஏற்றது. சாது சேஷையர் முதலிய ஆசிரியர்கள் அவருடைய புலமையைச் சோதித்து நிறைவு கொண்டனர். மாணவர்கள் அவர் பாடஞ்சொல்லும் முறையை விரும்பினர். இனிய குரலும், செய்யுளை இசையோடு படிக்கும் பயிற்சியும் அவருக்கு உதவின. பெற்றோரும் உடன் வந்து வாழ்ந்தனர். நிலையான வருவாய் என்பதை அக்குடும்பம் முதன்முதலாகக் கண்டது. பிறர் கொடுக்கும் நெல்லை எதிர்பார்த்து ஊர் ஊராய் அலைந்த தந்தையாருக்கு, மகன் மாதந்தோறும் கொண்டுவரும் ஐம்பது ரூபாய் எத்தகைய ஆறுதலாயிருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விடுமுறை நாட்களில் ஐயர் திருவாவடுதுறைக்குச் சென்று தேசிகரைக் கண்டு வந்தார். வாழ்க்கை இப்படியே அமைதியாய்ச் சென்றிருந்தால், நல்ல தமிழாசிரியர் ஒருவர் வாழ்ந்தார் என்ற அளவோடு அவர் வரலாறு முடிந்திருக்கும்.

அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், வியாழக்கிழமை, அவர் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். அரியலூரிலிருந்து மாற்றலாகிக் கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்தவர் முதலியார். ஆகவே அன்று சந்தித்த இருவருமே ஊருக்குப் புதியவர்கள். முதலியார் காட்டிய வரவேற்பு மற்றவர்கள் காட்டியது போன்றதன்று. யாரிடம் படித்தீர் என்று வினவினார். மகாவித்துவான் என்ற விடை எல்லாரிடமும் மதிப்பைப் பெற்றுத் தந்த விடை. முதலியார் முகத்தில் அது எவ்வித மாறுதலையும் உண்டாக்கவில்லை. என்னென்ன நூல்கள் படித்தீர் என்றார். ஐயர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், கலம்பகங்கள், புராணங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். இவற்றையெல்லாம் படித்ததனால் என்ன பயன் என்பதே முதலியாரிடமிருந்து வந்த வினா. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை இவற்றைப் படித்ததுண்டோ என்று அவர் மேலும் கேட்டார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரே அவற்றைப் பாடஞ்சொன்னதில்லை.

இவ்வாறு பேசும் ஒருவரிடம் மீண்டும் செல்ல விரும்பாதவரே பெரும்பாலோர். ஐயர் மனம் கலங்கினாரேயன்றி வெறுப்புக் கொள்ளவில்லை. மீண்டும் சென்றார். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து, அதனைப் படித்துப் பாடம் சொல்ல வேண்டினார். இன்முகம் காட்டி உபசரித்தவர்கள் அந்நகரில் பலர் இருந்தனர். கடுமையாய்ப் பேசிய ஒருவரே ஐயரின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டார்.

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணி 3145 செய்யுட்களும் பதின்மூன்று இலம்பகங்களும் கொண்டது. நாமகள் இலம்பகம் மட்டும் பவர் என்னும் பாதிரியாரால் 1868-இல் அச்சிடப்பட்டிருந்தது. எஞ்சியவை ஏட்டிலேயே கிடந்தன. ஐயர் படிக்கத் தொடங்கியதும் முதற்செய்யுளிலேயே தடை எழுந்தது. விநாயகர் வணக்கத்தோடு தொடங்கும் நூல்களிலேயே பயின்றவர் அவர். இங்கோ முதல் வாழ்த்து சித்த பரமேட்டிக்கு உரியது. அருகன் வாழ்த்து அதனை அடுத்து வருகிறது. சித்தர் என்ற சொல்லைக் கேட்டால் சைவநெறியில் வளர்ந்த ஒருவருக்கு மூலிகையும் ரசவாதமும் அறிந்த யோகியரே நினைவுக்கு வருவர். எண்வினையும் நீங்கி உலகின் உச்சியில் நிலைபெற்ற உயிர் என்பது எவ்வாறு தோன்றும்? நச்சினார்க்கினியர் உரையும் அவருக்கு முழுமையாய் உதவவில்லை. சமண நெறியை அறிந்தோர்க்கு எழுதப்பட்ட உரை அது. இருவினை, காதி கர்மம், நற்காட்சி, சமவசரணம் ஆகிய சொற்களை உரையாசிரியர் எடுத்தாண்டு செல்வாரேயன்றி நின்று விளக்குவதில்லை. நிகண்டுகளைப் புரட்டினாலும், இலக்கணங்களைக் கொண்டு பிரித்துப் பார்த்தாலும் பொருள் திறக்கவில்லை. சொல் தமிழ்ச்சொல்லே, பொருள் வேறொரு வீட்டில் இருந்தது.

அவ்வீட்டிற்குச் செல்வது ஐயருக்கு எளிதாயிருந்திருக்காது என்பதை இன்றைய இளைஞர்கள் எண்ணிப்பார்த்தல் வேண்டும். சைவ மடத்தில் வளர்ந்தவர் அவர். சோழ மன்னன் சிந்தாமணியில் ஈடுபட்டிருந்ததைக் கண்டு, அவன் மனத்தைத் திருப்புவதற்காகவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்னும் வரலாறு அம்மடங்களில் வழங்கிவந்தது. தேவாரத்தில் சமணரைப் பழிக்கும் பாடல்களை நாள்தோறும் ஓதக் கேட்டவர். சமணர் என்றாலே கழுவேற்றக் கதையை நினைப்பவர்கள் அவரைச் சூழ இருந்தனர். அக்கதையைத் தம் ஊர்க் கோயில் திருவிழாவில் ஆண்டுதோறும் நடித்துக் காட்டக் கண்டு, கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்த சமண இல்லங்களும் உண்டு. இருசாராரிடையேயும் பல நூற்றாண்டு மௌனம் இருந்தது.

நச்சினார்க்கினியரைப் பற்றியும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அவர் முதலில் எழுதிய சிந்தாமணி உரையைச் சமணப் பெரியோர் ஏற்கவில்லை என்றும், பின்னர் அவர் சமண நூல்களை முறையாகக் கற்று மீண்டும் ஓர் உரை எழுதினார் என்றும், அதுவே நிலைபெற்றது என்றும் கூறுவர். சைவராகிய உரையாசிரியர் அன்று கற்கச் சென்ற வாயிலுக்கே ஐயரும் செல்ல வேண்டியவரானார்.

சமணர் எங்கே இருக்கின்றனர் என்று அவர் விசாரிக்கத் தொடங்கினார். கும்பகோணத்திலேயே இருக்கின்றனர் என்ற விடை அவருக்குக் கிடைத்தது. தஞ்சைக் கரந்தட்டாங்குடியிலும் மன்னார்குடியிலும் தீபங்குடியிலும் இருப்பது போலவே குடந்தையிலும் ஜினாலயம் உண்டு. சந்திரப்பிரப தீர்த்தங்கரர் அங்கே எழுந்தருளியுள்ளார். தமிழ் பேசி, தமிழ்ப் பெயரிட்டு, பொழுது சாய்வதற்குள் உணவை முடித்து, அரவமின்றி வாழ்ந்த அக்குடும்பத்தினரை நகரத்தின் மற்றப் பகுதியினர் பெரிதாய்க் கவனித்ததில்லை.

ஒருநாள் ஐயர் சந்திரநாத செட்டியார் என்னும் சமண அன்பரின் நட்பைப் பெற்று, அவர்கள் வாழும் இடத்திற்குச் சென்றார். வாயிலில் மாக்கோலம் இட்டிருந்தது. மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. திருமணம் முதலிய ஏதோ ஒரு சிறப்பு நடைபெறுகிறது போலும் என்றும், வேண்டாத நேரத்தில் வந்துவிட்டோமோ என்றும் எண்ணித் தயங்கி, என்ன விசேடம் என்று வினவினார். சிந்தாமணி படனம் அன்று நிறைவேறியது என்றனர் அவ்வீட்டார். ஆறு மாதமாய் அங்கே அந்நூலை ஒருவர் படிக்க, ஒருவர் பொருள் சொல்ல, மற்றவர் கேட்டு வந்தனர். அது முடிந்த நாளைத் திருநாளாகக் கொண்டாடினர்.

ஐயருக்கு உண்டான வியப்புக்கு அளவில்லை. மகாவித்துவான் சொல்லாத நூல், மடத்துப் புலவர் கூட்டத்தில் ஒருவரும் எடுத்துப் பேசாத நூல், கல்லூரியில் எவரும் முழுமையாய் அறியாத நூல் அது. நாடே மறந்துவிட்ட நூல் என்று அவர் எண்ணியிருந்தார். தாம் பொருள் தெரியாமல் ஏட்டை வைத்துக்கொண்டு தவித்த அதே மாதங்களில், தாம் குடியிருந்த அதே நகரத்தில், ஓர் இல்லத்தின் கூடத்தில் அந்நூல் தொடக்கம் முதல் முடிவு வரை ஓதப்பட்டிருக்கிறது! தமிழுலகம் இழந்துவிட்டதாய்க் கருதிய ஒன்று, வாயிலில் கோலமிட்டுப் போற்றப்படும் பொருளாக ஒரு வீட்டில் இருந்தது.

வந்தவர் வேற்றுச் சமயத்தவர். அதிலும் சைவ ஆதீனத்தோடு நெருங்கியவர் என்பதை அவ்வன்பர்கள் அறியாமல் இல்லை. ஆயினும் ஐயுறவு கொண்டு பேசவில்லை. அவர் கேட்ட ஐயங்களைத் தீர்த்தனர். கற்றவர்களை அறிமுகம் செய்து வைத்தனர். திண்டிவனத்தை அடுத்த வீடூரைச் சேர்ந்த அப்பாசாமி நயினார் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். சமண நூல்களில் ஆழ்ந்த பயிற்சியுடைய அவரிடமிருந்து ஐயர் பல நுண்பொருள்களை அறிந்தார். ஸ்ரீபுராணம் முதலிய நூல்களின் துணையும் அவருக்குக் கிடைத்தது. கல்லூரிப் பணி முடிந்தபின் சென்று கேட்பதும், கேட்டதைக் குறித்துக்கொள்வதும், வீட்டிற்கு வந்து ஏட்டோடு ஒத்துப் பார்ப்பதும், மீண்டும் ஐயம் எழுந்தால் மறுநாள் செல்வதுமாகச் சிந்தாமணி மெல்லமெல்லத் துலங்கிற்று. கேவல ஞானமும், சமவசரண அமைப்பும், வினைகளின் வகையும், சீவகன் துறவு மேற்கொள்ளும் முத்தி இலம்பகத்தின் கருத்தும் அந்தத் திண்ணையிலும் கூடத்திலும் அவருக்கு விளங்கின.

விருந்தோம்பல் என்றால் இலை போட்டு உணவிடுதல் என்றே தமிழர் கொள்வர். அக்காலத்துச் சாதி வழக்கத்தில், அந்தணர் ஒருவரும் சமணக் குடும்பத்தாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணுதல் நினைக்கவும் இயலாதது. ஆகவே அவ்வழி அடைபட்டிருந்தது. ஆனால் சமண இல்லறத்தாருக்கு விதிக்கப்பட்ட தானம் நான்கல்லவா? ஆகார தானம், ஔடத தானம், அபய தானம் ஆகியவற்றோடு சாத்திர தானமும் ஒன்று. அது மட்டும் எந்தச் சாதி வழக்கத்தாலும் தடைப்படுவதில்லை. குடந்தைச் சமணர் புதியவருக்கு அளித்த விருந்து அதுவே. பெற்றவர் பிராமணர், கொடுத்தவர்கள் தாங்கள் தானம் செய்கிறோம் என்று எண்ணிச் செய்ததாகவும் தெரியவில்லை. கேட்டவருக்குச் சொன்னார்கள், அவ்வளவே.

சமணப் பெண்மணி ஒருவரைப் பற்றிய செய்தியையும் ஐயர் மறவாது குறித்திருக்கிறார். ஐயர் சமணக் கொள்கைகளைப் பற்றி ஆர்வத்தோடு பேசுவதை உள்ளிருந்து கேட்ட அவ்வம்மையார், இவர் பவ்விய சீவன் போலும் என்று தம் கணவரிடம் வியந்தாராம். பவ்வியர் என்றால் வீடுபேறு அடைவதற்குத் தகுதியுடைய உயிர் என்பது சமண இல்லங்களில் குழந்தையும் அறிந்தது. ஐயர் அச்சொல்லின் பொருளைக் கேட்டறிந்து மகிழ்ந்தார். சமயம் மாறி வா என்று எவரும் அவரை அழைக்கவில்லை. அவரும் தம் நீறணிந்த நெற்றியோடு வந்து நீறணிந்த நெற்றியோடே திரும்பினார். இருந்தும், பிறப்பாலன்றி உயிரின் தகுதியால் ஒருவரை மதிக்கும் அச்சொல்லை அந்த இல்லத்தார் அவருக்கு வழங்கினர். அரசாங்கம் பின்னாளில் 1906-ஆம் ஆண்டு மகாமகோபாத்தியாயப் பட்டமும், சென்னைப் பல்கலைக்கழகம் 1932-ஆம் ஆண்டு டாக்டர் பட்டமும் அவருக்கு அளித்தன. அவற்றிற்கு முன்னரே, மறைப்பிலிருந்து பேசிய ஓர் இல்லத்தரசி தந்த பட்டம் அது.

எல்லாக் கதவுகளும் இவ்வாறு எளிதில் திறந்தன என்று எழுதினால் அது உண்மையாகாது. பாடவேறுபாடுகளை ஒப்புநோக்குவதற்குப் பல பிரதிகள் வேண்டியிருந்தன. தஞ்சாவூரில் ஒரு சமணப் பெருமகனாரிடம் சிந்தாமணி ஏடு இருப்பதை ஐயர் அறிந்தார். சமணரல்லாதார் கையில் அதனைக் கொடுக்க அவர் முதலில் இசையவில்லை. பின்னர் நண்பர் ஒருவர் இடைநின்று முயன்றதன் பயனாகவே அது கிடைத்தது. அப்பெருமகனாரைக் குறைகூறுதல் பொருந்தாது. தம் சமயத்தைப் பழித்துப் பேசுவாரிடையே சிறுபான்மையினராய் வாழ்ந்தவர், தம் முன்னோர் காத்துவந்த ஏட்டை முன்பின் அறியாதவரிடம் எங்ஙனம் கொடுப்பார்? கொடுத்தால் என்ன செய்வார்களோ என்ற அச்சம் அவருக்கு இருந்திருக்கக்கூடும். அந்த அச்சமே பல ஏடுகளைக் காப்பாற்றியது. பல ஏடுகளைப் பெட்டிக்குள்ளேயே செல்லரித்துப் போகவும் செய்தது. குடந்தை அன்பர்களின் செயலுக்கு மதிப்பு மிகுவதும் இதனாலேயே. அவர்களுக்கும் அதே அச்சம் கொள்ளக் காரணம் இருந்தது.

மறுபக்கத்திலும் முணுமுணுப்பு எழுந்தது. சைவ மடத்தின் உப்பைத் தின்றவர் சமண நூலைப் பரப்புவதா என்று பேசியவர்கள் இருந்தனர். சுப்பிரமணிய தேசிகர் அதற்குச் செவி சாய்க்கவில்லை. சைவ ஆதீனத்தின் தலைவராகிய அவரே சிந்தாமணி ஏடுகளைத் தேடித் தருவதற்கு உதவினார். சிந்தாமணி வெளிவந்ததில் சமண இல்லத்திற்கும் சைவ மடத்திற்கும் பங்குண்டு என்பது தமிழர் பெருமைக்குரிய செய்தி.

முதலியார் ஓய்வு நேரங்களில் ஐயரிடம் சிந்தாமணி கேட்டுவந்தார். பிறகு அவர் கும்பகோணத்தை விட்டுச் சென்னை சென்றார். அவர் இல்லாத நிலையிலும் பணி நிற்கவில்லை. கையொப்பக்காரரைச் சேர்த்தும், கடன் வாங்கியும், கல்லூரி விடுமுறைகளில் சென்னைக்குச் சென்று அச்சுப்பிழை திருத்தியும் ஐயர் உழைத்தார். 1887-ஆம் ஆண்டு சீவக சிந்தாமணி மூலமும் நச்சினார்க்கினியர் உரையும் முழுமையாய் அச்சாகி வெளிவந்தன. அது அவருக்கு முப்பத்திரண்டாம் வயது. ஏழு ஆண்டுகள் முன்னர் அந்நூலை அவர் கண்ணாலும் கண்டதில்லை.

சிந்தாமணியின் கதையை நினைந்தால், ஐயருக்கு அந்நூலே முதலில் வாய்த்தது பொருத்தமாகத் தோன்றுகிறது. ஏமாங்கதத்து அரசன் மகனாகிய சீவகன் சுடுகாட்டில் பிறந்து, கந்துக்கடன் என்னும் வணிகன் இல்லத்தில் வளர்கிறான். பின்னர் நாட்டை விட்டு நீங்கி, எவரும் தன்னை அறியாத ஊர்களுக்குச் செல்கிறான். ஓரூரில் பாம்பு தீண்டிய பதுமையின் நஞ்சைத் தீர்க்கிறான். மற்றோரூரில் அரச குமாரர்களுக்கு வில்வித்தை பயிற்றுகிறான். எங்கும் புதியவனாய்ச் செல்லும் அவனை, உன் குலம் யாது என்று கேளாமல் ஊரார் ஏற்றுக்கொள்கின்றனர். திருத்தக்கதேவர் பாடிய நகரங்கள் அத்தகையவை. குடந்தையில் ஐயர் கண்ட சில வீடுகளும் அவற்றைப் போன்றவையே.

சிந்தாமணிக்குப் பின் தடை உடைந்தது. பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. இவையனைத்தும் அவர் கும்பகோணத்தில் வாழ்ந்த காலத்தில் செய்தவை. மணிமேகலைக்குப் பௌத்த சமய நுட்பங்கள் தேவைப்பட்டபோது பௌத்தர் எவரும் அந்நகரில் இல்லை. நூல்களைத் துணைகொண்டு அறிந்த பேராசிரியர் ஒருவரின் உதவியையே அவர் நாட வேண்டியிருந்தது. சமணர் தமிழகத்தில் எஞ்சியிருந்தமையால் சிந்தாமணிக்கு உயிருள்ள விளக்கம் கிடைத்தது என்பதை இவ்விரு நூல்களையும் ஒப்பிடுவோர் உணர்வர். சமணத் தொடர்பை ஐயர் பிற்காலத்திலும் விடவில்லை. பவணந்தி முனிவரின் நன்னூலுக்குச் சமணராகிய மயிலைநாதர் எழுதிய உரையை 1918-இலும், கொங்குவேளிரின் பெருங்கதையை 1924-இலும் அவர் பதிப்பித்தார்.

இருபத்துமூன்று ஆண்டுகள் கும்பகோணத்தில் பணியாற்றியபின், 1903-இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பட்டார். மீண்டும் ஒரு புதிய ஊர், இம்முறை பெருநகரம். திருவேட்டீசுவரன்பேட்டையில் அவர் வாழ்ந்த இல்லத்திற்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். கும்பகோணத்திற்குத் தம்மைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற செட்டியாரின் பெயர் அது.

முதுமையில், எண்பத்தைந்தாம் வயதை ஒட்டி, அவர் தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் தொடர்ந்து எழுதினார். 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறாமல் நின்றது. பட்டங்களும் பாராட்டுக்களும் பெற்ற பிற்காலப் பகுதியை எழுத அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு முன்னர்க் கண்ட ஒரு சமண இல்லத்து வாயிலும், அதில் கட்டியிருந்த மாவிலையும், சிந்தாமணி படித்து முடித்தவர்களின் மகிழ்ந்த முகங்களும் அதில் இடம்பெற்றுவிட்டன.